அஜிநந்தி திருடிய விதை

செஞ்சி
17.06.2025

அன்புள்ள அனந்திக்கு,

போனில் என் நம்பரைத் தடுத்துவிட்டாய். வாட்ஸ்அப்பிலும் தடுத்துவிட்டாய். அம்மா போனிலிருந்து கூப்பிட்டால் அம்மாவிடம் நலம் விசாரிக்கிறாய். நான் வாங்கியதும் வைத்துவிடுகிறாய். தபால்காரரைத் தடுக்க முடியாது என்பதால் இந்தக் கடிதம். பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதியதற்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். அதில் வயிற்றுவலி என்று பொய் எழுதினேன். இதில் பொய் இல்லை.

ஆமாம், அஜிநந்தியைத் திருட வைத்தது நான்தான்.

எதிர்க்கடை கனகராஜ் நேற்று என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, டீச்சரம்மாகூட சண்டையா? இன்னா மேட்டரு?" என்றான். "போன்ல ஒருத்தன் திருடிட்டான்" என்றேன். "ஐயோ, பேங்க் அக்கவுண்ட்டா?" என்று பதறினான். ஆட்டத்தில் வரும் ஒரு பொம்மை ஆள், ஒரு மாதுளை விதை என்று விளக்கியிருந்தால் என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருப்பான்.

யாருக்குச் சொல்லிப் புரிய வைப்பது? கல்யாணமான புதிதில் நாம் பேசிக்கொண்டதைவிட அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் அதிகம். என் பெயரில் பாதி, உன் பெயரில் பாதி சேர்த்து அவனுக்கு அஜிநந்தி என்று வைத்தோம். "சாமியார் பேரு மாதிரி இருக்குது" என்றார் அம்மா. பெயருக்கு ஏற்ற மாதிரி, நம்மைப் போல அவனையும் சமணனாகவே நீ வளர்த்தாய். கொல்லக் கூடாது, அதனால் சண்டையும் மீன்பிடியும் கிடையாது. திருடக் கூடாது. கிழங்கு தின்னக் கூடாது. அப்புறம் அவனுக்கு மிச்சம் இருந்தது என்ன? மரம் வெட்டினான், கல் உடைத்தான், தோட்டம் போட்டான். மரம் வெட்டச் சொல்வதற்கே நீ இரண்டு நாள் யோசித்தாய்.

நாம் போனை மூடி வைத்தாலும் அவன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டே இருப்பான். திறந்ததும், நீங்கள் இல்லாதபோது இவ்வளவு சேர்ந்தது என்று காட்டும். நீ கணக்கு டீச்சராக வால்பாறைக்குப் போன பிறகு, காலையில் நீ திறந்தாய். கடையைச் சாத்திய பிறகு நான் திறந்தேன். நீ நட்டுவிட்டுப் போனதை நான் பறிப்பேன். நாம் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருப்பதுபோல எனக்கு இருந்தது அது ஒன்றில்தான்.

தோட்டத்தில் ஒரு குழி மட்டும் காலி. நீ வேலைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் திருநாதர் குன்றில் உட்கார்ந்து ஒரு மாதுளையை உரித்துத் தின்றோமே, அப்போது நீ சொன்னாய்: "நம்ம தோட்டத்துல இது ஒண்ணுதான் இல்ல." அந்த விதை ஆட்டத்துக் கடையில் விற்பதில்லை. விவசாயியின் பையிலிருந்து திருடினால்தான் உண்டு. கல்யாண நாளன்று காலையில் நீ திறக்கும்போது மாதுளை பூத்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். வேறு ஒன்றும் நினைக்கவில்லை.

விதைக்கடை வைத்திருப்பவன் விதை திருடியிருக்கிறான். சிரிக்கவாவது செய்.

போனை வைக்கும்போது, இந்த வருடம் டிரான்ஸ்பருக்குப் பெயர் கொடுக்க மாட்டேன் என்றாய். கோபத்தில் சொன்னதாகவே எடுத்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த மாதக் கடைசியில் கலந்தாய்வு. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டி எழுது. பெயர் கொடுத்துவிட்டேன் என்று மட்டும் ஒரு வரி சேர்த்து எழுது.

அஜிதன்

*

வால்பாறை
23.06.2025

விதைக்கடைக்காரருக்கு,

உங்கள் கடிதம் நனைந்து வந்தது. ஆனியில் இங்கே எல்லாமே நனைந்துதான் வரும், பிள்ளைகள் உட்பட. என்னோடு அறையில் இருக்கும் மங்கை அக்கா அதை அடுப்புப் பக்கம் காய வைத்துக் கொடுத்தார். படிக்கவே இல்லை என்று சத்தியம் செய்தார். ஆனால் காய் நறுக்கும்போது தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் முதலில் பார்த்தது திருட்டை அல்ல. அதுவரை திருட்டுப் பக்கத்தை நான் திறந்ததே இல்லை. நான் பார்த்தது உருளைக்கிழங்கை. பள்ளி திறந்த அலைச்சலில் பத்து நாள் ஆட்டத்தைத் திறக்கவில்லை. அன்று பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் திறந்தால், ஸ்ட்ராபெரி இருந்த இடத்தில் உருளைக்கிழங்கு மூட்டை. வேறு யாருடைய ஆட்டத்தையோ திறந்துவிட்டேன் என்று நினைத்து மூடிவிட்டு மறுபடி திறந்தேன். மேலே அஜிநந்தி என்று நம் பெயர்தான் இருந்தது. அப்புறம்தான் திருட்டுப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நீங்கள் பஸ் ஸ்டாண்டில் ஒளிந்துகொண்டு கிழங்கு போண்டா தின்பது எனக்குத் தெரியும். அது உங்கள் வயிறு, உங்கள் பாடு. அவனுக்கு ஏன் ஊட்டினீர்கள்?

பொம்மைக்காகவா இவ்வளவு கோபம் என்று நீங்கள் எழுதவில்லை. நினைத்திருப்பீர்கள். அதனால் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த அன்று, தனியாகப் பேசட்டும் என்று நம்மை மாடிக்கு அனுப்பினார்கள். உங்களுக்குப் பேச்சு வரவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து இந்த ஆட்டத்தைக் காட்டினீர்கள். மரம் வெட்டுவது, மீன் பிடிப்பது, திருடுவது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனீர்கள். நான் கேட்டேன்: "இதுல திருடாம ஆட முடியுமா?"

உடனே முடியும் என்று சொல்லியிருந்தால், பெண்ணுக்குப் பிடிக்க வேண்டுமென்று சொல்கிறார் என்று நினைத்திருப்பேன். நீங்கள் நெற்றியைச் சுருக்கி நிஜமாகவே யோசித்தீர்கள். அப்புறம், "முடியும். லேட்டாகும்" என்றீர்கள். நான் கீழே வந்து அம்மாவிடம் சரி என்று சொன்னது அந்த இரண்டு சொல்லுக்காகத்தான். உங்கள் கடை, வீடு எதையும் நான் விசாரிக்கவில்லை.

அந்தச் சொல்லைத்தான் பத்து நாளில் விற்றுவிட்டீர்கள். எனக்குத் தெரியாமல், நான் தூங்கும் நேரம் பார்த்து.

டிரான்ஸ்பருக்குப் பெயர் கொடுப்பதைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. ஆட்டத்தை அன்றைக்குப் பிறகு திறக்கவும் இல்லை.

அனந்தி

பின்குறிப்பு: பத்து நாளில் திருட்டு நாற்பதாவது லெவலுக்கு எப்படி வந்தது? கணக்கு டீச்சராக மட்டும் கேட்கிறேன்.

*

செஞ்சி
28.06.2025

கணக்கு டீச்சரம்மாவுக்கு,

பின்குறிப்பைப் படித்ததும்தான் எனக்குச் சோறு இறங்கியது. கேட்டுவிட்டாய், சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் நான் செய்தது சுத்த முட்டாள்தனம். விதை விவசாயியிடம் இருக்கிறது என்பதற்காக நேராக அவரிடமே அஜிநந்தியை அனுப்பிவிட்டுத் தூங்கிவிட்டேன். பழக்கமில்லாத கை. கை வைக்கும்போதெல்லாம் மாட்டிக்கொண்டான். மாட்டினால் அடி விழும், கொஞ்ச நேரம் மயங்கிக் கிடப்பான். அடி பட்டவன் உயிர் பிழைக்கப் பையில் இருப்பதை எடுத்துத் தின்பான். காலையில் பார்த்தால், வருடம் முழுக்க நாம் சேர்த்த ஸ்ட்ராபெரி காலி. அவன் சாகக் கிடந்தான். கையில் இருந்த சொச்சத்துக்கு ஆட்டத்துக் கடையில் கிடைத்தது உருளைக்கிழங்கு ஒன்றுதான். அவனைப் பிழைக்க வைக்கத்தான் வாங்கினேன் அனந்தி.

அதற்குப் பிறகு யோசித்து ஆடினேன். ஒரு தடவைக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று பார்ப்பவன் தோற்பான். ஒரு மணி நேரத்தில் மயங்காமல் எத்தனை தடவை கை வைக்கிறோம் என்றுதான் பார்க்க வேண்டும். வியாபாரியின் பை கொழுத்திருக்கும். ஆனால் அவன் அடித்தால் எழுந்திருக்கவே நேரமாகும். ஊரிலேயே ஏழை ஒரு விறகுக்காரி. அவளிடம் எடுத்தால் ஒன்றும் தேறாது. ஆனால் பிடித்தாலும் அவளால் பலமாக அடிக்க முடியாது. அதனால் கை நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், லெவல் மளமளவென்று ஏறும். திருப்பி அடிக்காத ஆளாகப் பார்த்து ஆரம்பிக்க வேண்டும், சூட்சுமமே அதுதான். ஒரே ஆளிடம் திரும்பத் திரும்பக் கை வைத்தால் அந்த ஆளின் பழக்கம் கைக்குப் பிடிபட்டுவிடும், மாட்டுவது குறையும். மாட்டுவது அபூர்வம் என்று ஆன பிறகு அடுத்த ஆளுக்குப் போக வேண்டும். ஒரு கையுறையும் வாங்கினேன். தோலில் நல்ல கையுறை இருந்தது. உன்னை நினைத்துத் துணியில்தான் வாங்கினேன். நாற்பதில் மறுபடி விவசாயியிடம் போனேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நீ உருளைக்கிழங்கைக் கண்டுபிடித்த அன்றைக்கே விதையும் பையில் இருந்தது. நீ பார்க்கவில்லை. நான் இன்னும் நடவில்லை.

இப்போது நிஜமான நல்ல சேதி. நம் கடைக்கு வரும் பாண்டுரங்கன் உனக்குத் தெரியும், பெரிய பண்ணைக்காரர், மேலிடத்தில் ஆள் பழக்கம் உள்ளவர். அவலூர்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் இடம் காலியாகிறதாம். செஞ்சியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்துவிடலாம். உனக்கு முன்னால் வரிசையில் ஒரே ஒருவர்தான் அந்த இடத்தைக் கேட்கக்கூடியவராம். "லிஸ்ட்ல அந்த எடத்த காட்டாம வெச்சிடுவாங்க. கலந்தாய்வு முடிஞ்சப்புறம் உங்க வூட்டம்மாக்கு தனியா ஆர்டர் போட்டுக்கலாம், நீ டென்சன் ஆவாத" என்று அவரே சொன்னார். நீ பெயர் மட்டும் கொடுத்தால் போதும். ஆகஸ்டில் நீ செஞ்சியில் இருப்பாய்.

மாடி அறைக்கு வெள்ளை அடித்துவிட்டேன்.

அஜிதன்

*

வால்பாறை
04.07.2025

உங்களுக்கு,

உங்கள் திருட்டுக் கணக்கைச் சரி பார்த்தேன். சரியாக இருக்கிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

எனக்கு முன்னால் வரிசையில் இருக்கும் அந்த ஒருவர் யாரென்று நீங்கள் கேட்கவில்லை. நான் சொல்கிறேன். உங்கள் கடிதத்தைக் காய வைத்துக் கொடுத்தவர். மங்கை அக்காவுக்கு ஊர் அவலூர்பேட்டை. நான் வருவதற்கு நெடுநாள் முன்பிருந்தே இங்கே இருக்கிறார். மகளைத் தங்கையிடம் விட்டிருக்கிறார். அந்தப் பெண் இப்போது போனில் சித்தியைத்தான் அம்மா என்கிறதாம். சொல்லிவிட்டுச் சிரித்தார். அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை. கணவர் இல்லை. மேலிடத்தில் பழக்கம் உள்ள பண்ணைக்காரர் யாரும் அவருக்காகப் பேச மாட்டார்கள். இந்த வருடம் ஒரு இடம் காலியாகும் என்று அவருக்கும் காதில் விழுந்திருக்கிறது. துணிமணிகளைப் பிரித்து வைக்க ஆரம்பித்துவிட்டார்.

திருப்பி அடிக்காத ஆளாகப் பார்த்து ஆரம்பிக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்களே, அதை நான் மறுபடி மறுபடி படித்தேன். ஆட்டத்தில் நீங்கள் யோசித்துக் கண்டுபிடித்ததைப் பாண்டுரங்கன் எப்போதோ கண்டுபிடித்து வைத்திருக்கிறார். மங்கை அக்கா இடத்தில் ஒரு அமைச்சரின் மருமகள் இருந்தால் அந்தக் காலியிடம் பட்டியலிலிருந்து மறைந்திருக்குமா?

உங்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்று எனக்குத் தெரியும். விறகுக்காரிமீதும் உங்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது.

அந்த நாற்காலியில் நான் உட்கார மாட்டேன். அவரிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த இடம் பட்டியலில் வரும் என்று உங்களிடமிருந்து உறுதி வந்தால் நான் பெயர் கொடுப்பேன். வராவிட்டால் ரிட்டயர் ஆகும்வரை இந்த மழையிலேயே இருந்துவிடுகிறேன். பெயர் கொடுக்கக் கடைசி நாள் இருபத்திரண்டு.

மங்கை அக்காவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்துப் பேச முடியாமல், தலைவலி என்று போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறேன்.

அனந்தி

*

செஞ்சி
09.07.2025

அனந்தி,

உன் கடிதத்தை இரண்டு நாள் கல்லாவில் போட்டு வைத்திருந்தேன். எழுதினால் கோபத்தில் எழுதிவிடுவேன் என்று பயம். இப்போதும் கோபத்தில்தான் எழுதுகிறேன்.

எல்லாரும் செய்கிறார்கள். நான் ஒருவன் செய்யாமல் இருந்தால் அந்த இடம் மங்கை டீச்சருக்குப் போய்விடும் என்று நினைக்கிறாயா? இன்னொரு பாண்டுரங்கனைப் பிடித்து வேறு யாராவது வாங்கிக்கொண்டு போவார்கள். அப்போது அவருக்கும் கிடைக்காது, நமக்கும் கிடைக்காது. அதில் யாருக்கு என்ன புண்ணியம்?

முடியும், லேட்டாகும் என்று சொன்னேன். ஒத்துக்கொள்கிறேன். எவ்வளவு லேட் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. நீ போய் இரண்டு ஆடி முடிந்து மூன்றாவது வரப் போகிறது. சந்தைக்கு வருகிறவர்கள், "வூட்ல வந்துட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கத்திரி விதை கேட்கிறார்கள். அம்மா எட்டு மணிக்குப் படுத்துவிடுகிறார். நான் மாடியில் உட்கார்ந்து ராஜகிரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கல்யாணமான ஆள் கோட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அதற்கு என்ன அர்த்தம்? நான் டிரான்ஸ்பர் கேட்டது உனக்காக மட்டும் இல்லை. எனக்கு முடியவில்லை. அதைப் போனில் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால்தான் பாண்டுரங்கனிடம் போனேன்.

மங்கை டீச்சரின் பெண்ணுக்காக உனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் இங்கே தனியாகத் தட்டில் போட்டுத் தின்பதை நினைத்து ஒரு வேளையாவது இறங்காமல் இருந்ததா?

பாண்டுரங்கனிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. சொல்வேனா என்றும் தெரியவில்லை.

அஜிதன்

இன்னொன்று. சண்டை வந்த நாளிலிருந்து நான் அஜிநந்தியைச் சும்மா நிறுத்தி வைத்திருந்தேன். நேற்று திறந்தால் பையில் ஆப்பிள் இருக்கிறது. உருளைக்கிழங்கைக் காணோம். நான் போடவில்லை.

*

வால்பாறை
14.07.2025

அன்புள்ள உங்களுக்கு,

நான்தான் போட்டேன். திறக்கவில்லை என்று எழுதிய அன்றைக்கே இரவு திறந்துவிட்டேன். எழுதியதைப் பொய்யாக்கியதற்கு நீங்கள் என்னைத் திட்டலாம். அவன் மூட்டையோடு அப்படியே நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து மனது கேட்கவில்லை. கிழங்கை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு ஆப்பிள் வாங்கினேன். காலையில் பிள்ளைகள் வரும்முன் கொஞ்சம் மரம் வெட்ட விட்டுவிட்டுப் போகிறேன்.

விதையையும் பார்த்தேன். அழகாக இருக்கிறது. உங்கள்மேல் அவ்வளவு கோபம் இருந்தும், எனக்காக ஒரு ஆள் ராத்திரியெல்லாம் அடி வாங்கி வாங்கிக் கொண்டுவந்த விதை என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. இதைப் போன கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதினால் நீங்கள் ஜெயித்ததாக ஆகிவிடும் என்று எழுதவில்லை.

நீங்கள் தனியாகத் தின்பதை நினைக்காத வேளை இல்லை. இங்கே இட்லிக்குத் தொட்டுக்கொள்ள என்ன வைத்தாலும், உங்களுக்கு வேர்க்கடலைச் சட்னி என்றால் நாலு கூடுதலாக இறங்கும் என்று நினைப்பு வருகிறது. முதல் வருடம் தினமும் சாயங்காலம் கரண்ட் போகும். போனில் சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, நடுவில் அதை வைத்து இருவரும் மாடியில் படுத்திருப்போம். கோட்டையைச் சுற்றிப் பார்க்கப் போன அன்று ஒரு குரங்கு என் கையிலிருந்த கடலைப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. நான் பயந்து நிற்கிறேன், நீங்கள் அது ஓடிய பக்கம் பார்த்துக்கொண்டே, "இது எந்த லெவலோ தெரியலயே" என்றீர்கள். நான் சிரித்த சிரிப்பில் சுற்றுலா வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் அந்த மாடிதான் வேண்டும். வெள்ளை அடித்த அறையை நான் நினைக்காத ராத்திரி இல்லை.

எல்லாரும் செய்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். செய்யட்டும். நான் வேறு ஒன்று செய்து பார்த்தேன். விதையை எடுத்துக்கொண்டு அஜிநந்தியை அந்த விவசாயி முன்னால் நிறுத்தினேன். திருடு என்று ஒரு பட்டன் இருக்கிறது, விலகு என்று ஒரு பட்டன் இருக்கிறது. திருப்பிக் கொடு என்று எங்கேயும் இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன். அந்த ஆட்டத்தை எழுதியவர்களுக்கு, திருடிய ஒருவன் திரும்பி வருவான் என்று தோன்றவே இல்லை.

உங்களுக்கு அந்தப் பட்டன் இன்னும் இருக்கிறது. இருபத்திரண்டு வரைக்கும் இருக்கிறது. நீங்கள் அதை அமுக்கினால் நான் லேட்டாக வருவேன். அமுக்காவிட்டால் நாளைக்கே வந்தாலும் எனக்கு அது நம் வீடாக இருக்காது.

அனந்தி

*

செஞ்சி
18.07.2025

அன்புள்ள அனந்திக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன், ஸ்பீடு போஸ்ட் மூடிவிடுவார்கள்.

உன் கடிதம் வந்த அன்று மாலையே பாண்டுரங்கன் மணிலாக்கொட்டை விதைக்குச் சொல்லிவிட்டுப் போகக் கடைக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன்.

"அண்ணே, அந்த டிரான்ஸ்பர் விஷயம் வேணாம்ணே. லிஸ்ட்ல அந்த எடத்த காட்டச் சொல்லிடுங்க."

"இன்னாப்பா, சொல்லி முடிச்சிட்டேன். இப்ப வந்து வேணாங்கற?"

"மொறைப்படி வேற டீச்சருக்கு வருதுண்ணே."

"அவங்க உனக்கு சொந்தமா?"

"இல்லண்ணே. நான் பாத்ததுகூட இல்ல."

"அப்புறம் உனக்கு இன்னா வந்துச்சு?"

ஆட்டம், விறகுக்காரி, மாதுளை என்று அவரிடம் சொல்ல முடியுமா? "அந்த நாற்காலில என் வூட்டுக்காரி உக்கார மாட்டாளாம்ணே" என்றேன். "பொழைக்கத் தெரியாத ஆளுப்பா நீ. என்ன எதுக்கு அலைய வுட்ட?" என்றார். ஆனால் என் எதிரிலேயே போனை எடுத்துப் பேசினார். இடம் பட்டியலில் வரும். மணிலா விதையை மட்டும் வேறு கடையில் வாங்கிக்கொண்டார். இனி நம் கடைக்கு வருவார் என்று தோன்றவில்லை.

அவர் போன பிறகு கடையில் உட்கார்ந்திருந்தேன். நான் நல்லவனாகிவிட்டேன் என்றெல்லாம் தோன்றவில்லை. நீ வர மாட்டாய் என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஒன்று புரிந்தது. இந்த விஷயத்தை உனக்கு எழுத எனக்கு ஆசையாக இருந்தது. முன்பு நல்ல சேதி என்று எழுதியபோது அப்படி இல்லை, எழுதிவிட்டு ஒட்டுவதற்குக் கொஞ்சம் தயங்கினேன்.

பெயர் கொடுத்துவிடு. வேறு இடம் ஏதாவது கிடைத்தாலும் கிடைக்கலாம்.

அஜிதன்

*

வால்பாறை
30.07.2025

அன்புள்ள உங்களுக்கு,

நேற்று முன்தினம் கலந்தாய்வு முடிந்தது. மங்கை அக்கா பெயரைக் கூப்பிட்டபோது பட்டியலில் அவலூர்பேட்டை இருந்தது. அவர் அதைத் தொட்டுக் காட்டிவிட்டு, கையை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். "மேடம், எடுத்தாச்சு, கைய எடுங்க" என்று அவர்கள் சொல்ல வேண்டியிருந்தது.

என் முறை வந்தபோது நம் பக்கத்தில் ஒன்றும் மிச்சமில்லை. இந்த வருடமும் வால்பாறைதான். உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், பஸ்ஸில் திரும்பி வரும்போது வளைவுக்கு வளைவு அழுதுகொண்டே வந்தேன். மங்கை அக்கா தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டு தோளில் சாய்த்துக்கொண்டார். அவருக்கு எதுவும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

அடுத்த வருடம் வரிசையில் எனக்கு முன்னால் யாரும் இல்லை. அதற்கு நான் யார் முகத்துக்கும் பயப்பட வேண்டியதும் இல்லை.

அஜிநந்தியைத் திருட்டிலிருந்து எடுத்துவிட்டேன். அந்தப் பக்கத்தில் நாற்பது என்று இருப்பது இருக்கும், அதை அழிக்க முடியாது. விதையும் பையிலேயே இருக்கட்டும். நட வேண்டாம், விற்கவும் வேண்டாம். அந்தக் குழி காலியாகவே இருக்கட்டும். ஸ்ட்ராபெரி மறுபடி போட்டிருக்கிறேன். ராத்திரி நீங்கள் பறித்துவிடுங்கள், மறந்துவிட்டால் வாடிவிடும்.

உங்கள் நம்பரை விடுவித்துவிட்டேன். கூப்பிடலாம். ஆனால் கடிதமும் எழுதுங்கள். போனில் நீங்கள் இவ்வளவு உண்மை பேசியதில்லை.

மங்கை அக்கா நாளைக்குக் கிளம்புகிறார். அவர் கட்டில் காலியாகிறது. வெள்ளிக்கிழமை சந்தை முடிந்ததும் கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறுங்கள். இரண்டு நாள் அம்மாவைக் கேட்டுக்கொண்டு கனகராஜ் கடையைப் பார்த்துக்கொள்ளட்டும். குடையும், அட்டை ஏறாமல் காலில் தடவ உப்பும் மறக்க வேண்டாம்.

வரும்போது நம் கடையிலிருந்து ஒரு மாதுளங்கன்று கொண்டு வாருங்கள். அறைக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது. இந்த மழையில் மாதுளை வருமா என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். நெற்றியைச் சுருக்கி யோசித்துவிட்டு அதையேதான் சொல்வீர்கள்.

கன்றை என் பெயருக்கு பில் போட்டுக் கொண்டு வாருங்கள்.

உங்கள்
அனந்தி